ஆசைத்தம்பியின் வலது கண்

கண்ணடித்தான்!

சந்தேகமே இல்லை. கல்லலில் இருந்து காரைக்குடி போகிற பஸ்ஸில், எதிர் சீட்டில் உட்கார்ந்திருந்த அந்த வெள்ளைச் சட்டைக்காரன், நாகவல்லியைப் பார்த்துப் பளிச்சென்று கண்ணடித்தான். சரி, தூசி விழுந்திருக்கும் என்று அவளும் பெரிய மனசு பண்ணி வெளியே பார்த்தாள். ஐப்பசி மழை சாரலாக உள்ளே அடித்துக்கொண்டிருந்தது. திரும்பினால்… மறுபடியும்! போதாக்குறைக்கு வாயை ஒரு பக்கமாகக் கோணிக்கொண்டு ஒரு சிரிப்பு வேறு.

"என்னங்க, பொம்பளைப் பிள்ளையப் பாத்தா கண்ணடிக்கத்தான் தோணுமா?"

பஸ்ஸே திரும்பிப் பார்த்தது. அவன் என்னவோ சொல்ல வாயெடுத்தான். சட்டென்று தோளில் கிடந்த துண்டால் வாயைப் பொத்திக்கொண்டான். திமிரைப் பாருங்கள்! பதில்கூடச் சொல்ல மாட்டானாம்.

கண்டக்டர் விசிலை ஊதினார். "இறங்குய்யா கீழ! நம்ம வண்டியில இந்த வேலையெல்லாம் ஆகாது."

கண்மாய்க் கரையோரம், கொட்டுகிற மழையில், வாயைப் பொத்தியபடியே அவன் இறங்கிப் போனான். நாகவல்லி தலையை நிமிர்த்தி உட்கார்ந்தாள். நல்லா வேணும்! ஆனாலும்… பாவி மனுசனுக்கு அது என்ன அப்படி ஒரு கண்! பெரிசாக, ஈரமாக… சீச்சீ, இதென்ன புத்தி என்று தன்னையே திட்டிக்கொண்டாள்.

கல்லல் தச்சாசாரி வீட்டுப் பெண் அவள். மதுரையில் கரண்ட் வைத்தியம் படித்துவிட்டு, காரைக்குடியில் ஒரு டாக்டரிடம் வேலை பார்த்தாள். சோர்ந்து போன தசைக்கு மெல்லிய மின்சாரம் கொடுத்து அசைய வைக்கிற வேலை. அந்த மெஷின்மேல் அவளுக்கு ஒரு தனிப் பெருமை.

மத்தியானம் டாக்டர் கூப்பிட்டார். "நாகவல்லி, முகவாதம் ஒண்ணு வந்திருக்கு. வந்து பாரும்மா."

போனாள். சொட்டச் சொட்ட நனைந்து, துண்டைப் பிழிந்துகொண்டு நின்றான்… அவன்!

"கண்ண இறுக்கி மூடுங்க" என்றார் டாக்டர்.

இடது கண் மூடியது. வலது கண் மூடவில்லை. அகல விரிந்தபடி, பாவமாக அவளையே பார்த்தது.

"சிரிங்க பாப்போம்."

பாதி முகம் சிரித்தது. மற்றப் பாதி, தனக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை என்பது போல் தொங்கியது. ஐயோ, இந்த மனுசனையா மழையில் இறக்கிவிட்டேன்!

டாக்டர் அடுத்த அறைக்குப் போனதும் மெதுவாகக் கேட்டாள். "அப்ப… பஸ்ஸுல…"

"இமைச்சேங்க. ஒண்ணு மூடுது, ஒண்ணு மூட மாட்டேங்குது. பாக்குறவுகளுக்குக் கண்ணடிக்கிற மாதிரித்தான் தெரியும்."

"அதச் சொல்லியிருக்கலாம்ல?"

"வாயத் தொறந்தா எச்சி வடியுதுங்க." அவன் குரல் குழறியது. "அம்புட்டுப் பேருக்கு முன்னால… அதுவும் உங்களுக்கு முன்னால… நனைஞ்சுக்கிட்டே நடக்குறது மேல்னு பட்டுச்சு."

நாகவல்லி அலமாரியில் இருந்து உலர்ந்த துண்டை எடுத்து நீட்டினாள். "என்னய மன்னிச்சிருங்க" என்றாள். நெஞ்சாரச் சொன்னாள்.

அவன் பெயர் ஆசைத்தம்பி. கோட்டையூரில் பொற்கொல்லன்; அன்றைக்குக் கல்லலில் நகை கொடுத்துவிட்டுத் திரும்பியிருக்கிறான். தினமும் டவுன் பஸ்ஸில் வந்து கரண்ட் வைத்துக்கொண்டான்.

"சுருக்குங்குதா?"

"எறும்பு கடிக்கிற மாதிரி இருக்கு… நல்ல எறும்புதான்."

சிரிக்கக் கூடாது என்று உதட்டைக் கடித்துக்கொள்வாள். மெஷின் முடிந்ததும் கண்ணாடி முன்னால் பயிற்சி. அவள் கன்னத்தை உப்பிக் காட்ட வேண்டும், அவன் பார்த்துச் செய்ய வேண்டும். அவன் செய்தால் வாயின் வலது ஓரத்தில் 'புஸ்'ஸென்று காற்று போய்விடும்.

அந்தக் காற்றில்தான் அவன் பிழைப்பே இருந்தது. பக்கத்து அறையில் முழங்காலுக்குச் சூடு வைத்துக்கொள்ள வருகிற நீலாயதாட்சி ஆச்சி, ஒருநாள் தட்டியைத் தாண்டி எட்டிப் பார்த்தார்.

"ஏம்ப்பா ஆசைத்தம்பி, தையில பேத்தி கல்யாணம். பொன்னுருக்க நீதான் வரணும். ஆனா தீ தடுமாறுனா அபசகுனம்னு சொல்லிருவாக. முடியாதுன்னா இப்பவே சொல்லிரு, வேற ஆளப் பாக்குறேன்."

தாலிக்கான பொன்னை நல்ல நேரத்தில், கல்யாண வீட்டிலேயே, சொந்தபந்தம் சூழ உருக்க வேண்டும். கொல்லன் ஊதுகுழலை வாயில் வைத்து, கன்னத்தில் காற்றை அடக்கி, தீ நாக்கு மடங்காமல் ஊத வேண்டும். அங்கே ஒருமுறை தடுமாறினால் போதும்… பிறகு எந்த வீட்டிலும் அவனைத் தாலிக்குக் கூப்பிட மாட்டார்கள்.

"வந்துருவேன் ஆச்சி" என்றான். ஆச்சி போனதும் நாகவல்லியிடம் கெஞ்சினான். "கரண்டக் கொஞ்சம் கூட்டி வையிங்களேன்."

"கூட்டுனா தசை களைச்சுத்தான் போகும். எங்க அப்பா பலகைக்கு வச்சிரப் பசை தடவுனா, காயிற வரைக்கும் கிட்டப் போக மாட்டாக. இழுத்து இழுத்துப் பாத்தா எப்படி ஒட்டும்? நரம்பும் அப்படித்தாங்க. பொறுக்கணும்."

பொறுத்தான். கார்த்திகை போய் மார்கழியும் வந்தது. குழறல் தீர்ந்தது, ஆனால் முகம் அப்படியே இருந்தது. நாகவல்லிக்குச் சோறு இறங்கவில்லை. எங்கே தப்புப் பண்ணினோம்? கரண்ட் வில்லையை இடம் மாற்றி ஒட்டினோமா? கொப்புடையம்மனுக்கு வேண்டிக்கொண்டாள். நோயாளிக்கு வேண்டிக்கொள்வது எல்லாரும் செய்வதுதானே… வேண்டும்போது அந்தப் பெரிய கண்ணே முன்னால் வந்து நின்றதற்கு அவள் என்ன செய்வாள்!

ஒருநாள் வழக்கம்போல் கன்னத்தை உப்பினாள். எங்கிருந்தோ ஒரு விக்கல் வந்தது. உப்பிய காற்று அத்தனையும் டவுன் பஸ் ஹாரன் மாதிரி 'பாம்' என்று வெடித்தது. ஆசைத்தம்பி வாய்விட்டுச் சிரித்தான்.

இரண்டு பக்கமும் சிரித்தது.

வலது கண் சுருங்கி அழகாக மூடித் திறந்தது. நாகவல்லி கண்ணாடியில் பார்த்துவிட்டாள். அவனும் பார்த்துவிட்டான்.

"எம்புட்டு நாளா?"

"கொஞ்ச நாளா…"

"எதுக்கு மறைச்சீக?" கண்ணாடியை விட்டு அவன் பக்கம் திரும்பினாள். "எனக்கு வேலை தெரியலையோன்னு நான் அழுதுக்கிட்டு இருக்கேன். சாமிக்கெல்லாம் நேந்துக்கிட்டேன்! உங்களுக்கு வெளையாட்டாப் போச்சா?"

அவன் துண்டை எடுத்து முறுக்கினான். காதெல்லாம் சிவந்துவிட்டது.

"நாளையில இருந்து நீங்க வர வேண்டாம். ஊத வருதுல்ல?"

"எல்லாம் வருது" என்றான் வீம்பாக. துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டான்.

போகட்டும்! என்றுதான் இருந்தாள். ஆனால் மெஷின் அறை வெறிச்சென்று கிடந்தது. கண்ணாடியைப் பார்த்தால் எரிச்சலாக வந்தது. ஏன் மறைத்தான் என்பது அவளுக்குத் தெரியாதா என்ன? தெரிந்ததால்தான் கோபமே அதிகம். வாயைத் திறந்து சொன்னால் குறைந்தா போய்விடுவான்?

தை பிறந்தது. "முழங்காலக் குணப்படுத்துன பிள்ள, நீ வராம இருக்கப்படாது" என்று ஆச்சி சொல்லியிருந்தார். ஆச்சிக்காகத்தான் போகிறேன் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு நாகவல்லி கோட்டையூர் போனாள்.

வளவு முற்றம் நிறையச் சனம். நடுவில் கும்முட்டியில் கரி கனன்றது. மூசைக் கிண்ணத்தில் பொன். ஆசைத்தம்பி குளித்து, திருநீறு பூசி, ஊதுகுழலை எடுத்தான். ஊதினான்.

'புஸ்.'

தீ சாய்ந்தது. வலது ஓரத்தில் காற்று ஒழுகியது. மறுபடி ஊதினான், மறுபடியும் சாய்ந்தது. யாரோ தொண்டையைச் செருமினார்கள். பெண்கள் பக்கம் குசுகுசுப்பு எழுந்தது. அவன் நெற்றியில் வேர்வை முத்து முத்தாக நின்றது.

நாகவல்லி முன்னால் நகர்ந்து பார்த்தாள். எல்லாம் வருது என்றானே… பொய்! கண்ணும் சிரிப்பும் வந்தன, ஊதுகிற தசை மட்டும் இன்னும் முழுசாகத் தேறவில்லை. கூட்டத்தைப் பார்த்ததும் உடம்பெல்லாம் முறுக்கிக்கொண்டது, தேறியிருந்த கொஞ்சமும் பிடி விட்டுவிட்டது. கடைசிப் பயிற்சியைச் சொல்லிக்கொடுக்கும் முன்னாலே விரட்டிவிட்டேனே!

அவன் தலை நிமிர்ந்தான். கூட்டத்தில் அவளைத் தேடிய மாதிரி, நேராக அவளைப் பார்த்தான்.

நாகவல்லி வெட்கத்தை விட்டாள். அத்தனை ஆச்சிமாருக்கு நடுவில், கன்னத்தைப் பூரி மாதிரி உப்பினாள். வாயின் வலது ஓரத்தில் விரலை வைத்து அழுத்திக் காட்டினாள். தோளை மெல்ல இறக்கி, மூச்சை நிதானமாக விட்டுக் காட்டினாள்.

அவன் முறுக்கிய தோள் இறங்கியது. மூச்சு நிதானப்பட்டது. விரலால் வாயோரத்தை அழுத்திக்கொண்டு ஊதினான். தீ நாக்கு நிமிர்ந்தது, நீண்டது, மூசையைத் தழுவி நின்றது. பொன் கலங்கி, உருகி, ஒரு சொட்டாகத் திரண்டு மின்னியது. சங்கை எடுத்து ஊதினார்கள்.

நீலாயதாட்சி ஆச்சி அவளைத் திரும்பிப் பார்த்தார். "ஏன் ஆத்தா, உனக்கும் கன்னத்துல வாதமா?"

நாகவல்லி அவசர அவசரமாகக் கன்னத்தைச் சுருக்கிக்கொண்டாள்.

சாயங்காலம் காரைக்குடி போகிற டவுன் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தாள். எதிர் சீட்டில் யாரோ வந்து உட்கார்ந்தார்கள். பார்க்காமலே தெரிந்தது.

"டாக்டரப் பாக்கப் போறீகளா?" என்றாள், வெளியே பார்த்தபடி.

"இல்ல. டாக்டர்கிட்ட இருக்கவுகளப் பாக்க."

"எதுக்கு?"

"அன்னைக்கு எதுக்கு மறைச்சேன்னு கேட்டீகல்ல… முகம் நேரானா உங்களப் பாக்க வர முடியாதேன்னு மறைச்சேன். கோணலாவே இருந்துட்டுப் போறேன்னு தோணுச்சு. தப்புத்தான். ஆனா நெசம்." குரல் குழறவே இல்லை. "எனக்கு உங்கள அம்புட்டுப் பிடிச்சிருக்கு."

நாகவல்லி அவனைத் திரும்பிப் பார்த்தாள். சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது. அதை அடக்கிக்கொண்டு, வைத்தியக்காரியின் கண்டிப்போடு சொன்னாள்.

"ஒரு சோதனை பாக்கி இருக்கு. வலது கண்ண மட்டும் தனியா மூடுங்க பாப்போம்."

அவன் திகைத்தான். முன்னால் டிக்கெட் கிழித்துக்கொண்டிருந்த கண்டக்டரைப் பார்த்தான்.

"அதுக்குப் பேரு கண்ணடிக்கிறதுங்க. அன்னைக்கு மாதிரி எறக்கி விட்ருவாக."

"எறக்கி விட்டா விடட்டும்" என்றாள் நாகவல்லி, முந்தானை நுனியை விரலில் சுற்றிக்கொண்டே. "இந்தத் தடவை… நானும் கூடவே எறங்கிருவேன்."