நாற்பதாவது நிமிடம்

என்ன படம் போடலாம் என்று கேட்டதும் முதலில் கை தூக்கியவள் மாளவிகாதான்.

ராஜகீழ்ப்பாக்கத்தில் அவர்கள் இருந்த அடுக்குமாடிக் குடியிருப்பில், மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை கீழே இருக்கும் கூடத்தில் பிள்ளைகளுக்குப் படம் போடுவார்கள். குடியிருப்புச் சங்கத்தின் செயலாளர் ஸ்ரீநிவாசராகவன் சார்தான் புரொஜெக்டரை இயக்குவார். வேறு யாரையும் தொட விடமாட்டார்.

“டிம்பு பறக்கிறான்! ஒரு நாரைக்குஞ்சோட கதை சார். அதுல ஒரு நண்டு வரும். அது பண்ற சேட்டையில சிரிச்சு சிரிச்சு வயிறு வலிக்கும்” என்றாள் மாளவிகா. அவளுக்குப் பதினொரு வயது. மூன்றாம் வகுப்பு படிக்கும்போது பார்த்த படம் அது.

“சின்னப் பசங்க பார்க்கலாமா?”

“கார்ட்டூன்தானே சார்!”

சார் செல்பேசியில் தேடிப் பார்த்தார். ‘யூ’ சான்றிதழ். எல்லோரும் பார்க்கலாம். அத்துடன் முடிவாகிவிட்டது.

ஞாயிறு மதியம் பக்கத்து வீட்டு ஷாயிஸ்தாவை மாளவிகாவே கையைப் பிடித்துக் கூட்டி வந்தாள். ஷாயிஸ்தாவுக்கு ஆறு வயது. நான்கு மாதங்களுக்கு முன் அவளுடைய அம்மா மெஹர் பானு காய்ச்சல் என்று ஆஸ்பத்திரிக்குப் போனார். திரும்பி வரவில்லை. அதற்குப் பிறகு ஷாயிஸ்தா அதிகம் பேசுவதில்லை. ஒருமுறைகூட அழவில்லை. ‘நல்லவேளை, குழந்தைக்கு ஒண்ணும் புரியல’ என்று பெரியவர்கள் பேசிக்கொண்டார்கள்.

நண்டு வந்ததும் ஷாயிஸ்தா சிரித்தாள். மாளவிகாவுக்குப் பெருமையாக இருந்தது. பின்வரிசையில் தன் தோழிகளிடம் போய் உட்கார்ந்துகொண்டாள்.

பிறகு திரையில் புயல் வந்தது. அம்மா நாரை சிறகு ஒடிந்து சேற்றில் விழுந்தது. டிம்பு தன் அலகால் அதைத் தட்டித் தட்டிப் பார்த்தான். “எழுந்திரும்மா” என்றான். அம்மா நாரை எழுந்திருக்கவில்லை.

இந்த இடம் மாளவிகாவுக்கு நினைவிலேயே இல்லை.

முன்வரிசையிலிருந்து ஷாயிஸ்தா எழுந்து நேராகத் திரைக்குப் போனாள். அவள் நிழல் படத்தின்மேல் பெரிதாக விழுந்தது.

“ஏய், மறைக்காத!” என்று பின்வரிசைப் பையன் உமேஷ் கத்தினான். இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள்.

ஷாயிஸ்தா அம்மா நாரையின்மேல் கையை வைத்தாள். “எழுந்திரு” என்றாள். திரையைத் தட்டினாள். “எழுந்திரு. எழுந்திரு.”

சிரிப்பு நின்றது. சார் புரொஜெக்டரை அணைத்துவிட்டார். யாரோ ஓடிப்போய் அவள் அப்பா பாட்சாவை அழைத்து வந்தார்கள். அவர் மகளைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு, யார் முகத்தையும் பார்க்காமல் படியேறினார்.

அடுத்த மூன்று நாட்கள் ஷாயிஸ்தா பள்ளிக்குப் போகவில்லை. ஊட்டிய சோற்றை வாயிலேயே வைத்திருந்தாள். ஏ.சி. பழுதுபார்க்கும் கடையைப் பாட்சா திறக்கவேயில்லை.

“இனிமே பத்து வயசுக்குக் கீழ யாருக்கும் படம் கிடையாது” என்று சார் அறிவித்தார்.

யாரும் மாளவிகாவைத் திட்டவில்லை. அதுதான் அவளுக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது. புதன்கிழமை பள்ளி விட்டு வந்ததும் அம்மா லோகநாயகியின் மடிக்கணினியில் அந்தப் படத்தை முதலிலிருந்து போட்டாள். பக்கத்தில் ஒரு நோட்டை வைத்துக்கொண்டாள். இருபதாவது நிமிடம், பாம்பு, கொஞ்சம் பயம். நாற்பதாவது நிமிடம், அம்மா செத்துப்போகிறது. அந்த வரியை எழுதும்போது பேனா நின்றது.

“எனக்கு எப்படிம்மா இது மறந்துபோச்சு?”

“அப்ப நீ என் மடியில முகத்த புதைச்சுக்கிட்டு அழுதடி. நான் முதுகைத் தடவிக்கிட்டே இருந்தேன். அப்புறம் நண்டு வந்துச்சு, சிரிச்சுட்ட.”

மாளவிகா படத்தைக் கடைசிவரை பார்த்தாள். பிறகு மடிக்கணினியை எடுத்துக்கொண்டு பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டினாள்.

ஷாயிஸ்தா சோபாவின் மூலையில் சுருண்டு உட்கார்ந்திருந்தாள்.

“சாரி ஷாயிஸ்தா. நான்தான் அந்தப் படத்தைப் போடச் சொன்னேன்.”

ஷாயிஸ்தா அவளையே பார்த்தாள். “அக்கா, அந்த அம்மா எழுந்துட்டாங்களா?” என்று கேட்டாள்.

ஆமாம் என்று சொல்லிவிட்டால் போதும். இந்தக் குழந்தை இன்றைக்கே சாப்பிட்டுவிடும். மாளவிகாவின் நாக்கு நுனிவரை அந்தச் சொல் வந்துவிட்டது.

“இல்ல. எழுந்திருக்கல. செத்துட்டாங்க.”

“டிம்புவும் செத்துட்டானா?”

“இல்ல! டிம்பு உயிரோட இருக்கான்.”

“தனியாவா?”

அதற்குள் சமையலறையிலிருந்து பாட்சா வந்துவிட்டார். “அத பத்திப் பேசாதம்மா. மறக்கட்டும்னுதான் நாங்க யாரும் எதுவுமே பேசறதில்ல.”

ஆனாலும் மாளவிகா சொன்னாள். “அவ மறக்கல அங்கிள். நாம பாதியில நிறுத்திட்டோம். அவ இன்னும் அந்தச் சேத்துலயே நின்னுக்கிட்டிருக்கா.”

வெளியே தெருவில் தண்ணீர் லாரி ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டே போனது. அது போய் முடியும்வரை நின்ற பாட்சா, பிறகு வந்து மகளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார்.

“போடும்மா” என்றார்.

மாளவிகா விளக்கை அணைக்கவில்லை. என்னென்ன வரும் என்று முன்பே சொன்னாள். “இப்ப புயல் வரும். அம்மா விழுந்துடுவாங்க. வேணாம்னா சொல்லு, நிறுத்திடறேன்.”

ஷாயிஸ்தா திரைப் பக்கம் நகர்ந்து உட்கார்ந்தாள்.

டிம்பு அம்மாவைத் தட்டி எழுப்பினான். இந்த முறை முதலில் அழுதது பாட்சாதான். தோள் குலுங்கியது.

ஷாயிஸ்தா நிமிர்ந்து பார்த்தாள். “அத்தா, நீங்க அழறீங்களா?”

“ஆமாண்டா கண்ணு.”

“அம்மாவுக்காகவா?”

“ஆமா.”

“எனக்கும் அம்மா வேணும்” என்றாள் ஷாயிஸ்தா. உடனே வீடே அதிரும்படி அழத் தொடங்கினாள். நான்கு மாத அழுகை அது. பாட்சா அவளை நெஞ்சோடு சேர்த்துக்கொண்டார். மாளவிகா படத்தை நிறுத்திவிட்டுக் காத்திருந்தாள். அவளுக்கும் கண்ணிலிருந்து வழிந்துகொண்டிருந்தது.

அழுது ஓய்ந்ததும் ஷாயிஸ்தாவே கேட்டாள். “அப்புறம்?”

அப்புறம் டிம்பு சேற்றிலிருந்து வெளியே வந்தான். பசியில் திரிந்தான். ஒரு நாரைக் கூட்டம் அவனைச் சேர்த்துக்கொண்டது. கடைசியில் அவன் பறந்தான். கூட்டத்துக்குப் பின்னால், தாழ்வாக, தடுமாறித் தடுமாறி.

படம் முடிந்தது. “அத்தா, பசிக்குது” என்றாள் ஷாயிஸ்தா. பாட்சா சமையலறைக்கு ஓடிய வேகத்தில் சோபாவில் முழங்காலை இடித்துக்கொண்டார்.

மறுநாள் மாலை, மாளவிகா நோட்டோடு ஸ்ரீநிவாசராகவன் சாரிடம் போனாள். நடந்ததையெல்லாம் சொன்னாள்.

சார் கண்ணாடியைக் கழற்றினார். “சுத்தி வளைக்காம சொல்லு. சின்னப் பசங்க இந்தப் படத்தைப் பார்க்கலாமா, கூடாதா?”

“பார்க்கலாம் சார். ஆனா தனியா பார்க்கக் கூடாது.”

மறுநாள் அறிவிப்புப் பலகையில் மாளவிகா எழுதிய தாள் ஒட்டப்பட்டிருந்தது.

‘ஞாயிறு மூன்று மணி. டிம்பு பறக்கிறான். இந்தப் படத்தில் நாற்பதாவது நிமிடத்தில் ஓர் அம்மா இறந்துபோகிறாள். சின்னப் பிள்ளைகள் தங்களுக்குப் பிடித்த பெரியவர் ஒருவரைக் கூட்டி வரவும். படம் பாதியில் நிறுத்தப்படாது.’

“கதைய முன்னாடியே சொல்லிட்டா யாரு வருவா?” என்று முணுமுணுத்த சார், அதன் கீழே ‘செருப்பை வெளியே விடவும்’ என்று சேர்த்துக் கையெழுத்துப் போட்டிருந்தார்.

ஞாயிற்றுக்கிழமை நாற்காலி போதவில்லை. அப்பாக்களும் அம்மாக்களும் தரையில் நெருக்கியடித்து உட்கார்ந்தார்கள். பாட்சாவும் வந்திருந்தார். புயல் தொடங்கியதும், ஐந்து வயது தாவீது தன் அப்பாவின் சட்டையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டான்.

பக்கத்தில் இருந்த ஷாயிஸ்தா அவன் காதருகே குனிந்தாள்.

“அம்மா எழுந்திருக்க மாட்டாங்க” என்றாள். “அழணும்னா அழு. ஆனா எழுந்து போயிடாத. டிம்பு வெளிய வருவான்.”