பட்டியலில் இல்லாத குறி

"நிறுத்திவிட்டேன்" என்றது உருமாற்றி.

கோபத்தில் மாசிலாமணி அதை ஓர் உதை விட்டான். நிலவில் உதைத்தால் உதைத்தவன்தான் பின்னால் போய் விழுவான். விழுந்தான்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவன் மனைவி அற்புதம், குடல்வால் வீங்கி, அறுவை மேசையில் துடித்துக்கொண்டிருந்தாள். மயக்க மருந்துக் குறிப்பு பூமியிலிருந்து வந்தாகிவிட்டது. உருமாற்றி அதைச் சேமிப்பு வடிவிலிருந்து திரை வடிவுக்கு மாற்றிக் கொடுத்தால்தான் அறுவைப்பொறி கத்தியைத் தொடும்.

பூமி மருத்துவர்கள் நீட்டி முழக்கி எழுதுவதில்லை. அடிக்கடி வரும் வாசகங்களுக்குச் சுருக்கக் குறிகள் வைத்திருக்கிறார்கள். உருமாற்றி பட்டியலைப் பார்த்து, குறி இருக்கும் இடத்தில் வாசகத்தைப் போடும். பட்டியலில் இல்லாத குறி ஒன்று வந்தாலும் போதும், ஒரு வரிகூட மாற்றாது. அப்படியொரு பிடிவாதம்!

"ச7 என்ற குறி என் பட்டியலில் இல்லை."

"அந்த ஒண்ணை விட்டுட்டு மீதியைக் காட்டித் தொலையேன்! நாப்பது மில்லின்னு மூலத்துல தெளிவா இருக்கே!"

"விட்டால், விட்டது யாருக்கும் தெரியாது."

பல்லைக் கடித்துக்கொண்டு பூமியை அழைத்தான். மருத்துவர் சபுரா பீவி பதறிப்போனார்.

"ஐயோ, அது எங்க ஆஸ்பத்திரிக் குறி தம்பி! பட்டியலைச் சேர்த்து அனுப்ப மறந்துட்டேனே. 'இதில் கால் பங்கு மட்டும், இதயம் தாங்காது'ன்னு அர்த்தம். நாப்பது போட்டுடலையே?"

மாசிலாமணி உருமாற்றியைத் திரும்பிப் பார்த்தான். "போடல டாக்டரம்மா... போடல."

பட்டியல் வந்ததும் உருமாற்றி குறிப்பை மாற்றிக் கொடுத்தது. பத்து மில்லியில் அற்புதம் தூங்கினாள். நான்கு மணி நேரம் கழித்துக் கண் விழித்து, "பசிக்குது" என்றாள். மாசிலாமணி ஓடிப்போய் உருமாற்றியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டான்.

மறுநாள் நிலவுக் குடியிருப்பின் அறிவிப்புப் பக்கத்தில் அதற்கு நன்றி எழுதினான். எவ்வளவு எழுதியும் மனசு ஆறவில்லை. கடைசியில் தன் நன்றிக்கென்று தானே ஒரு குறி உண்டாக்கிச் சேர்த்து அனுப்பினான்.

"நிறுத்திவிட்டேன்" என்றது உருமாற்றி.

அந்தப் பக்கத்தையும் திரைக்கு மாற்றுவது அதே உருமாற்றிதான்; மதியச் சாப்பாட்டு விவரமும் அதில்தான். நூற்றுப்பத்துப் பேர் வெற்றுத் திரை முன் தட்டோடு நின்றார்கள்.

அற்புதம் தையலைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "அப்படி என்னங்க குறி? அதுக்கு என்னதான் அர்த்தம்?"

உருமாற்றியும் அதையேதான் கேட்டுக்கொண்டிருந்தது. மாசிலாமணி அதன் முன் போய் உட்கார்ந்தான். பிறகு பட்டியலைத் திறந்து, தன் குறிக்கு எதிரே பொருள் எழுதினான்: அற்புதம் பசிக்கிறது என்றாள்.

பக்கம் திறந்தது.