இறந்தவனுக்குப் பிறந்த இளவரசன்

போன் அடித்தது.

தம்பி உடனே எடுக்கவில்லை. பதினொன்றரை மணியிலிருந்து அதற்காகத்தான் காத்திருந்தான்.

"தம்பி... உங்க அண்ணன் போயிட்டார்ப்பா." அண்ணியின் குரல் உடைந்தது. "கடைக்குப் போய்ட்டு வந்து பார்த்தா, மேஜை மேலயே... மண்டையில அடி..."

"என்ன அண்ணி சொல்றீங்க?"

ஒத்திகை பார்த்த கேள்வி. நன்றாகவே வந்தது.

அரை மணியில் அண்ணன் வீட்டில் இருந்தான். படிப்பறை. மேஜையில் கவிழ்ந்து கிடந்தார் அண்ணன். தரையில் வெண்கலப் பேப்பர் வெயிட். சுவர் முழுக்க அவர் தயாரித்த வம்சாவளிப் படம். அதன் உச்சியில், எண்ணூறு வருஷத்துக்கு முந்திய ஓர் அரசன்.

அந்த அரசன் அண்ணனுக்கு மேடையும் விருதும் வாங்கிக் கொடுத்தான். 'அவன் நம் மூதாதையே இல்லை' என்று இருபது வருஷமாகச் சொன்ன தம்பிக்கு வயிற்றெரிச்சல்தான் மிச்சம்.

வாயைத் திறக்காமல் இருந்தால் போதும். தப்பித்துவிடலாம்.

"கடைசியா எப்ப சார் இங்க வந்தீங்க?" இன்ஸ்பெக்டர் கேட்டார்.

"ஆறு மாசம் ஆச்சு. பேச்சுவார்த்தை இல்ல."

இன்ஸ்பெக்டர் சுவரை அண்ணாந்து பார்த்தார். "ராஜா வம்சம்னா சும்மாவா? என்னா மூளை. உங்களுக்கும் இதுல கொஞ்சம் ஞானம் உண்டோ?"

கொஞ்சம்!

செத்த பிறகும் அண்ணனுக்கேதான் மாலையா?

"ராஜாவாவது கூஜாவாவது. அந்த ஆளு செத்தது ஆயிரத்து இருநூத்திப் பன்னெண்டுல. மகன்னு இவர் எழுதினவன் பொறந்தது இருபத்தொண்ணுல. செத்து ஒம்போது வருஷம் கழிச்சு எவன் சார் புள்ளை பெத்துக்குவான்?"

"அடேங்கப்பா. யார் கண்டுபிடிச்சது?"

"நான்தான். இருபது வருஷ ஆராய்ச்சி."

இன்ஸ்பெக்டர் ஒரு கடிதத்தைக் காட்டினார்.

"அண்ணன் கைக்கு அடியில இருந்துச்சு. ராஜா செத்த வருஷம் இதுவரைக்கும் யாருக்குமே தெரியாதாம். போன வாரம்தான் ஆவணக் காப்பகத்துல ஒரு பழைய மடத்துப் பதிவேட்டைப் பிரிச்சு, அந்த வருஷத்தைக் கண்டுபிடிச்சிருக்காங்க. இந்தக் கடுதாசி கூரியர்ல வந்தது இன்னிக்குக் காலையில, பத்தே காலுக்கு. வாங்கினது அண்ணி. படிச்சது அண்ணன். ரெண்டாவதா படிச்சது யாரு சார்?"

தம்பியின் பார்வை பின்வாசல் பக்கம் போனது.

காலைப் பேப்பரில் அண்ணனுக்கு இன்னொரு விருது. சண்டை போடத்தான் காலையில் அந்தப் பின்வாசல் வழியாக வந்திருந்தான். அண்ணன் சிரித்தபடி கடிதத்தை நீட்டினார். 'அடுத்த புத்தகமே இதுதான்டா' என்றார்.

என் சந்தேகத்தையும் இவனே சுருட்டிக்கொள்வானா...

கையில் பேப்பர் வெயிட் கிடைத்தது.

"இன்னொரு தாளும் இருந்துச்சு" என்றார் இன்ஸ்பெக்டர். "பாதியில நிக்குது."

அண்ணனின் கையெழுத்து.

'அந்த அரசன் எங்கள் மூதாதை அல்லன். இதை முதலில் சொன்னவன் என் தம்பி. நான்தான் கேட்கவில்லை. இந்தப் புத்தகம் அவனுக்கு...'

அண்ணி கதவோரம் நின்றிருந்தாள். "சொல்லி முடிக்கிற வரைக்கும் பொறுக்கலையா, தம்பி?"

இன்ஸ்பெக்டர் விலங்கை எடுத்தார்.

"ராஜா வம்சம் இல்லேன்னு நிரூபிச்சிட்டீங்க. பரவாயில்ல சார்... முன்னால ஒருத்தர், பின்னால ரெண்டு பேர், வாசல்ல வண்டி. ராஜ மரியாதையோடதான் கூட்டிட்டுப் போறோம்."