மடித்து ஒட்டிய ஓரம்

மழைக்கு ஒதுங்கியவரைப் போலத்தான் அவர் எங்கள் கடைக்குள் நுழைந்தார். பழைய ஓவியங்கள் வாங்கி விற்கும் கடை. நானும் தங்கையும் நடத்துகிறோம். சட்டமிட்ட படம் ஒன்றை மேசைமேல் வைத்தார்.

"வித்துக் குடுங்க. அவசரமில்லே," என்றவர் அவசரமாக வெளியேறினார். எனக்கு அப்போதே பிடிக்கவில்லை.

படம் என்னவோ அருமை. பதினெட்டாம் நூற்றாண்டு பிரெஞ்சு ஓவியன் ஒருவன் காவிக்கட்டியால் வரைந்த கிரேக்கப் புராணக் காட்சி. நதித் தேவனின் மகள் அவிழ்ந்த கூந்தலோடு, திரும்பிப் பார்த்தபடி ஓடுகிறாள். யாரைப் பார்க்கிறாள் என்பதுதான் படத்தில் இல்லை.

தங்கை சட்டத்தைக் கழற்றினாள். தாளின் இடது ஓரம் பின்பக்கமாக மடித்து ஒட்டப்பட்டிருந்தது. எங்கள் தொழிலில் மடிப்பைக் கண்டால் கை சும்மா இருக்காது; முழுத்தாளாக இருந்தால்தான் வாங்குபவர் மதிப்பார்.

"எவன் இவ்வளவு பசையை அப்பினான்?" என்று முணுமுணுத்தபடி, ஈர ஒற்றுத்தாள் வைத்து இளக்கிப் பிரித்தாள்.

அங்கே அவன் இருந்தான். இளம் தேவன். கையை நீட்டியபடி ஓடிவருகிறான். இருவருக்கும் நடுவே ஒரு சாண் வெற்றுத்தாள்.

பலகைகளுக்கு நடுவே உலரவைத்தோம். சாயங்காலம் எடுத்தபோது அவன் விரல்கள் அவள் கூந்தலைத் தொட்டுக்கொண்டிருந்தன.

"காஞ்சா காகிதம் சுருங்கும்ணே."

"ஒரு சாணா சுருங்கும்?"

தங்கை மறுபடியும் மடித்து ஒட்டிவிடலாமென்று பசை எடுக்க உள்ளே போனாள். நான் தாளைப் பார்த்தேன்.

அவன் இல்லை.

படத்தில் அவளும் ஓடவில்லை. நதிக்கரையில் உட்கார்ந்து கூந்தலை முடிந்துகொண்டிருந்தாள்.

அன்றிலிருந்து என் தங்கை ஓரிடத்தில் உட்காரவில்லை. நின்றபடியே சாப்பிட்டாள். சுவரில் முதுகைச் சாய்த்துத் தூங்கினாள். அவள் நடந்த இடமெல்லாம் ஈரக் காவி வாசனை.

"கழுத்துகிட்ட யாரோ மூச்சு விடறாங்கண்ணே," என்று கிசுகிசுத்தாள். படம் தொலைந்தால் அவனும் தொலைவான், அவள் பிழைத்துக்கொள்வாள் என்று நம்பினேன்.

இன்று ஓர் அம்மாள் வந்தார். "பொண்ணு முகத்துல என்ன நிம்மதி!" என்று சொல்லிப் படத்தை உடனே வாங்கிக்கொண்டார். நானே காரில் ஏற்றிவிட்டேன். மனம் லேசாகிவிட்டது.

கார்க் கண்ணாடி இறங்கியது.

"தம்பி, உள்ளே உங்க தங்கச்சி பின்னாலேயே ஒருத்தர் ஓடினாரே, யாரு அது?"

பதில் சொல்வதற்குள் கார் தெருமுனை திரும்பிவிட்டது.

கடைக்குள் தங்கையின் காலடிச் சத்தம் கேட்டது. அதை ஒட்டியே இன்னொன்றும்.