வெள்ளிக்கு நேரா

"வெள்ளிக்கிழமைதான் வருவாங்களாம். அதுவரைக்கும் தேடமாட்டோம்னு துறைமுக ஆபீஸ்ல கையை விரிச்சுட்டாங்க சார். என் வீட்டுக்காரர் ரெண்டு நாள் தண்ணியோட போனவர். அது நேத்தோட தீர்ந்திருக்கும்."

செவ்வாய்க்கிழமை காலை, துப்பறிவாளரின் அறையில் உட்காரக்கூடப் பொறுமையில்லாமல் இதைச் சொன்னாள் படகோட்டியின் மனைவி. கடலுக்குப் போன படகில் இருந்தவர்கள் இரண்டே பேர்: அவள் கணவனும் அவன் தம்பியும்.

துப்பறிவாளர் மறுபேச்சில்லாமல் செருப்பை மாட்டினார். உதவியாளனோ கடத்தல், கொள்ளை என்று வழியெல்லாம் கதை கட்டிக்கொண்டே வந்தான்.

துறைமுக அலுவலகத்தில் வயர்லெஸ்காரர் சலித்துக்கொண்டார். "நேத்து இருட்டுற நேரத்துல பேசினாங்க. 'வெள்ளிக்கு நேரா வர்றோம்'னாங்க. அப்புறம் சத்தமே இல்ல."

"அதுக்கு முன்னாடி என்ன சொன்னாங்க?"

"திசைகாட்டி கெட்டுப்போச்சுன்னு ஏதோ..."

"திசைகாட்டி கெட்டவன் கிழமையா சொல்லுவான்? திசையைத்தானே சொல்லுவான்!" என்றார் துப்பறிவாளர். "அவங்க சொன்னது சாயங்காலம் மேற்கே தெரியற வெள்ளி நட்சத்திரத்தை. அதைப் பார்த்துத்தான் கரைக்கு வந்திருக்காங்க."

உதவியாளன் துள்ளினான். "அப்ப நேர் கிழக்கே போய்த் தேடினா எதிர்ல வருவாங்க!"

"பொறு." அவர் அந்தப் பெண்ணிடம் திரும்பினார். "உங்க வீட்டுக்காரர் இப்படித்தான் பேசுவாராம்மா?"

அவள் யோசித்தாள். "இல்லையே. இந்த மாசம் வெள்ளி தெற்கே சாஞ்சு இறங்குது, இடது தோள்ல வெச்சுக்கிட்டு வரணும்பாரு. 'நேரா'ன்னு சொல்லமாட்டாரு. அது என் கொழுந்தன் பேச்சு." சட்டென்று அவள் முகம் வெளுத்தது. "அப்ப அவருக்கு என்ன ஆச்சு?"

"அதனாலதான் இப்பவே போகணும். தம்பி வெள்ளி மேலயே கண்ணா ஓட்டியிருந்தா, படகு தெற்கு மணல்திட்டுல ஏறியிருக்கும். தேடுற படகை அங்க அனுப்புங்க."

"மேலதிகாரி வரட்டும் சார்," என்று இழுத்தார் வயர்லெஸ்காரர்.

துப்பறிவாளர் நாற்காலியை அவர் மேசைக்கு எதிரே இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "படகு கிளம்பற வரைக்கும் நான் நகரமாட்டேன்." அந்தப் பெண்ணும் பக்கத்தில் வந்து நின்றாள். கால் மணியில் படகு கிளம்பியது.

மதியம் வயர்லெஸ் கரகரத்தது. இருவரும் மணல்திட்டில் கிடைத்துவிட்டார்கள். அண்ணனுக்கு நல்ல காய்ச்சல், தண்ணீர் குடித்ததும்தான் பேச்சு வந்ததாம்.

"இடது தோள்னு சொல்லிட்டுத்தான் மயங்கினேன்..." கணவனின் குரல் தேய்ந்து கேட்டது. "இவன் நேரா விட்டுட்டான்."

அவள் அழுதுகொண்டே மைக்கைப் பிடுங்கினாள்.

"போகட்டும், அவனைத் திட்டாதீங்க. நீங்க நேரா வீட்டுக்கு வாங்க."