பெடலுக்குப் பின்னால்

ஞாயிற்றுக்கிழமை காலை அந்தப் பழைய கார் வீட்டு வாசலில் வந்து நின்றது. ஓட்டிவந்தவர் அதை விற்க வந்த முதியவர். இஸ்திரி கலையாத சட்டை, நகக்கண்ணில் மட்டும் தேய்த்தாலும் போகாத கருப்பு. அந்தக் கருப்பைப் பார்த்ததுமே சர்ஜனுக்கு அவரைப் பிடித்துப்போய்விட்டது.

சர்ஜன் என்பது தெருக்காரர்கள் வைத்த பெயர். மனிதர் ஓர் அலுவலகத்தில் கோப்பு புரட்டுகிறவர்தான். ஆனால் விடுமுறை நாளில் ஷெட்டுக்குள் ஒரு காரைப் பிரித்துக் குடலை உருவிப் பரப்பி வைத்திருப்பதைப் பார்த்தால் யாருக்கும் அந்தப் பெயர்தான் வாயில் வரும். அடுத்தவன் கை தன் வண்டியில் படுவது அவருக்கு ஆகாது. அந்த வீட்டில் மெக்கானிக் என்பது கெட்ட வார்த்தை.

“எல்லாம் நானே பார்த்துக்கிட்டதுதான்,” என்றார் முதியவர். “வெளி ஆள் ஒரு ஸ்க்ரூவைத் தொட்டதில்ல. பிரேக்குல காத்து எடுக்கறப்ப மட்டும் ரெண்டு பேர் வேணும். என் வீட்டுக்காரி மேல உக்காந்து மிதிப்பா, நான் கீழ படுத்துக்குவேன்.”

“அவங்க வரலையா?” என்று கேட்டாள் சர்ஜனின் மனைவி.

“அவ போயிட்டாம்மா. இதே வண்டியிலதான். பிரேக் வேலையை முடிச்சிட்டு, ஒரு சுத்து ஓட்டிப் பாருன்னு அனுப்பினேன். பிரேக் பிடிக்கல.” அவர் பானெட்டைத் தட்டிக் கொடுத்தார். “நல்லவேளை, வண்டிக்கு ஒண்ணும் ஆகல. பம்பர்தான் போச்சு.”

“மாத்தினது ஒரிஜினலா?” என்று கேட்டார் சர்ஜன்.

சர்ஜனின் மனைவி பானெட்டிலிருந்து ஓரடி விலகி நின்றாள். செத்தவள் அந்த வீட்டில் செய்த வேலையைத்தான் இந்த வீட்டில் இவள் செய்துகொண்டிருந்தாள். ரிப்பேர் பார்ப்பது சர்ஜன். சரியாகிவிட்டதா என்று ஓட்டிப் பார்ப்பது இவள். ‘நான் வெளிய நின்னு சத்தம் கேட்டாத்தான் கோளாறு தெரியும்’ என்பார். வீடு ஒரு மேட்டின் உச்சியில் இருந்தது. தெரு வாசலிலிருந்து சரசரவென்று இறங்கி, அடியில் ஒரு கருங்கல் சுவருக்கு முன்னால் சட்டென்று திரும்பும். போன வண்டியில் ஆக்சிலரேட்டர் கம்பி சிக்கிக்கொண்டபோது அந்தச் சுவரில் உரசித்தான் நின்றாள். தாடையில் தையல். மூச்சிரைக்க ஓடிவந்த மனிதர் முதலில் குனிந்து பார்த்தது முன்சக்கரத்தை. அன்றைக்கு அவள் மனதில் ஏதோ ஒன்று விட்டுப்போனது.

வண்டியை வாங்கி நிறுத்திய அடுத்த ஞாயிறு விடாத மழை. ஷட்டரை முக்கால்வாசி இறக்கியிருந்ததால் ஷெட்டுக்குள் பட்டப்பகலிலும் இருட்டு. பிரேக்கை மிதித்தால் மெத்தையை மிதித்ததுபோல் அமுங்குகிறது, குழாய்க்குள் காற்று புகுந்திருக்கிறது என்று சர்ஜன் தீர்ப்புச் சொல்லிவிட்டார். ஜாக்கி வைத்துத் தூக்கி, சக்கரத்தைக் கழற்றி, டார்ச்சோடு அடியில் நுழைந்தார். வெளியே தெரிந்தது அவருடைய கால்கள் மட்டும். அவள் டிரைவர் சீட்டில் உட்கார்ந்தாள்.

“மிதி.”

மிதித்தாள். அடியில் திருகு திறக்கும் சத்தம். பிரேக் ஆயில் குமிழ் விட்டுக்கொண்டு பாட்டிலில் இறங்கும் சத்தம். திருகு மூடும் சத்தம்.

“விடு.”

அவர் மூடுவதற்குள் காலை எடுத்தால் காற்று மறுபடி உள்ளே போய்விடும், வேலை மொத்தமும் பாழ். இதையெல்லாம் அவள் திட்டு வாங்கியே படித்திருந்தாள். மிதி, விடு, மிதி, விடு என்று வேலை நகர்ந்தது. ஷெட்டில் ஆயில் வீச்சமும் ரப்பர் நாற்றமும் மண்டின. நடுவே வேறொரு வாசனையும் வந்தது. ஈரத் தலைமுடியின் வாசனை. அவள் தன் பின்னலைத் தொட்டுப் பார்த்தாள். காய்ந்துதான் இருந்தது.

“விடு.”

காலைத் தளர்த்தினாள். பெடல் மேலே வந்த வேகம் வழக்கமானதாக இல்லை. யாரோ நெட்டித் தள்ளியதுபோல் வந்து உள்ளங்காலில் முட்டியது.

“மிதி.”

மிதித்தாள். அசையவில்லை. சீட்டில் முதுகைக் கொடுத்து முழுப் பலத்தோடு அழுத்தினாள். மயிரிழைகூட அசையவில்லை.

குனிந்து பார்த்தாள்.

பெடலுக்குப் பின்னால் ஒரு கை இருந்தது.

கண்ணாடி வளையல் போட்ட கை. உள்ளங்கையை விரித்துப் பெடலுக்கு முட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தது. முழங்கை வரைதான் கை. அதற்கப்பால் தகரம்.

அவளுக்குக் கத்த வரவில்லை. காதோரம் ஈர முடி உரசியது.

“அவரைப் போகச் சொல்லு.”

அவ்வளவுதான் அந்தக் குரல் சொன்னது. அம்மி நகர்த்துகிற பெண்ணின் குரல்போல் மூச்சு வாங்கிக்கொண்டு, கஷ்டப்பட்டுச் சொன்னது.

“ஏய், காதுல பஞ்சா வச்சிருக்கே? கெட்டியாயிடுச்சா இல்லையா?” என்று அடியிலிருந்து சர்ஜன் கத்தினார்.

இல்லை என்று சொல்லியிருக்கலாம். குழாயில் காற்று அப்படியே இருக்கிறது, பெடலைத் தாங்குவது அந்தக் கை, சரிவில் இறங்கியதும் அது விட்டுவிடும் என்று அவளுக்கு ஐயமறத் தெரிந்தது. கீழே படுத்திருப்பவருக்கோ அவள் சொல்லைத் தவிர வேறு ஆதாரம் இல்லை. அவள் தாடைத் தழும்பைத் தடவிக்கொண்டாள்.

“கல்லு மாதிரி இருக்குங்க.”

சர்ஜன் ஊர்ந்து வெளியே வந்தார். சக்கரத்தை மாட்டி, வண்டியை இறக்கி, பெடலைக் கையால் அழுத்திப் பார்த்தார். முகமெல்லாம் பல்.

“பார்த்தியா, சர்ஜன் கைன்னா சும்மாவா? சரி, எடு. ஒரு சுத்து போயிட்டு வா.”

“நீங்களே ஓட்டிப் பாருங்களேன்.”

“நான் சத்தம் கேக்க வேணாமா?”

“உங்க வேலை மேல உங்களுக்கே நம்பிக்கை இல்லைன்னா விடுங்க. மெக்கானிக்கைக் கூப்பிட்டுக் காட்டிக்கலாம்.”

அவர் முகம் சிவந்துபோயிற்று. சாவியைப் பிடுங்கிக்கொண்டு ஏறினார். அவளே ஷட்டரைத் தூக்கிவிட்டாள். வாசலில் சமதளத்தில் ஒருமுறை பிரேக் போட்டார். வண்டி சொன்னபடி நின்றது. ஜன்னல் வழியே அவளைப் பார்த்துப் புருவத்தை உயர்த்தினார். அப்போதும் நேரம் இருந்தது. அவள் தலையாட்டிச் சிரித்தாள்.

வண்டி இறங்கியது.

பின்னால் சிவப்பு விளக்கு எரிந்தது. மிதிக்கிறார்.

மறுபடி எரிந்தது.

மறுபடி, மறுபடி, மறுபடி.

மழையில் அந்தச் சிவப்பு சிறிதாகிக்கொண்டே போயிற்று. சிரிப்பு வெடித்துவிடுமோ என்ற பயத்தில் அவள் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள்.

சர்ஜன் சாகவில்லை. இடுப்புக்குக் கீழே இனி எதுவும் வேலை செய்யாது என்று டாக்டர் சொன்னார். கண் விழித்ததும் அவர் கேட்ட முதல் கேள்வி, “வண்டி எப்படி இருக்கு?”

“பம்பர்தாங்க போச்சு,” என்றாள்.

“பெடலுக்குப் பின்னாடி ஒரு கை இருந்துது. என்னைப் பார்த்து விரலை மடக்கிக்கிச்சு. நீ மிதிச்சப்ப உனக்கு ஒண்ணும் தெரியலையா?”

“நீங்க தூங்குங்க.” போர்வையை அவர் கழுத்து வரை இழுத்துவிட்டாள். பாவம் என்று தோன்றவில்லை. தோன்றவில்லையே என்று கொஞ்சம் வெட்கமாக இருந்தது, அதுவும் சாயங்காலத்துக்குள் போய்விட்டது.

வீட்டுக்கு அனுப்புகிற அன்று அவரை ஒரு சக்கர நாற்காலியில் உட்காரவைத்தார்கள். மாடி வார்டிலிருந்து வாசலுக்கு, படிக்குப் பதிலாக ஒரு நீளமான சாய்தளம் இறங்கியது. அதன் அடியில் இரும்புக் கதவு.

“சரிவு ஜாஸ்திம்மா. பின்னாடி கெட்டியா பிடிச்சுக்கங்க,” என்று சொல்லிவிட்டு நர்ஸ் உள்ளே போனாள்.

சர்ஜன் அதற்குள் நாற்காலியின் பிரேக்கை ஆட்டிப் பார்த்து உதட்டைப் பிதுக்கியிருந்தார். “இது சரியில்ல. வீட்டுக்குப் போனதும் பிரிச்சு மாட்டிடறேன். நீ உக்காந்து நம்ம மேட்டுல ஒரு தடவை உருட்டிக் காட்டு, நான் வாசல்ல இருந்து சத்தம் கேக்கறேன்.”

இந்த மனிதர் செத்தால்தான் திருந்துவார் என்று அவள் நினைத்துக்கொண்டாள். சாய்தளத்தின் உச்சியில் சுற்றிலும் மருந்து நெடி. அதை மீறிக்கொண்டு ஈரத் தலைமுடியின் வாசனை வந்தது.

கைப்பிடியைப் பற்றியிருந்த அவள் விரல்கள்மேல் வேறு விரல்கள் வந்து படிந்தன.

ஐஸ் விரல்கள். அவை எதையும் பிடுங்கவில்லை, இழுக்கவில்லை. பக்கத்து வீட்டுக்காரி சம்மதம் கேட்டு நிற்பதுபோல் சும்மா இருந்தன. அவளுக்குப் பயமே வரவில்லை.

“என்ன நின்னுட்டே? போ,” என்றார் சர்ஜன்.

அவள் சுண்டு விரலைத் தளர்த்தினாள். மற்ற விரல்களைப் பிரிக்க அந்தக் கை உதவியது.