பெருவிரலில் இரண்டு தட்டு

நங்கூரம் போட்டு, பாயையும் சுருட்டிக் கட்டிய பிறகு, மதியத் தூக்கத்தில் கிடந்த ஒதிலியாவின் கால் பெருவிரலை யாரோ இரண்டு முறை தட்டினார்கள். காவல் மாறச் சொல்லும் தட்டு. கேனரித் தீவிலிருந்து அட்லாண்டிக் கடலைத் தாண்டி இந்தச் சமனா துறைமுகம் வரை கணவனும் மனைவியுமாய் இரண்டே பேர் மாறி மாறிச் சுக்கான் பிடித்து வந்த படகு அது. கரைக்கு வந்த பிறகும் என்ன காவல் வேண்டிக் கிடக்கிறது?

எரிச்சலோடு மேலே வந்தாள். வாழைக்காய் பொரிக்கும் வாசனையும் பாட்டுச் சத்தமும் காற்றில் மிதந்து வர, கூப்பிடு தூரத்தில், கரையில், நாத்தனார் கையைப் பிடித்தபடி மகள் மிரேயா காலையிலிருந்து நிற்கிறாள். துறைமுக அதிகாரி வந்து பார்க்கும்வரை யாரும் இறங்கக் கூடாதென்று கம்பத்தில் அந்தப் பாழாய்ப்போன மஞ்சள் கொடி தொங்குகிறது. அதிகாரியோ பேஸ்பால் ஆட்டம் முடிந்துதான் வருவாராம். பெற்ற பிள்ளையைக் கண்ணெதிரே வைத்துக்கொண்டு இப்படி உட்கார்ந்திருக்க யாரால் முடியும்?

கணவன் நிகானோர் பின்தளத்தில் மீன் அரிந்துகொண்டிருந்தான்.

"ஏன்யா, இங்க வந்துமா தட்டி எழுப்புவ?"

"நான் எங்க தட்டினேன்? கடல்லயும் தட்டினதில்லையே. நீயாவே எந்திரிச்சு வருவ. நீதான் என் விரலைத் தட்டுவ."

"உன்னை நான் தொட்டதே இல்ல. நீயாத்தான் வருவ."

அவன் கையில் கத்தி அப்படியே நின்றது. இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். கீழே, அவள் எழுந்து வந்த படுக்கைப் பலகை, யாரோ புரண்டு எழுந்தது மாதிரி முனகியது.

பிறகு முன்தளத்தில் சங்கிலிச் சத்தம்.

அங்கே யாருமில்லை. நங்கூரச் சங்கிலி சொட்டச் சொட்ட மேலேறியது. ஒவ்வொரு வளையமாக. நிதானமாக. நிகானோர் ஓடிப்போய் இரண்டு கையாலும் இழுத்துப் பிடித்தான். உள்ளங்கை கிழிந்தது. சங்கிலி நிற்கவில்லை.

படகின் முகம் திரும்பியது. கடல் பக்கம்.

"மிரேயா!"

குதித்துவிட வேண்டும். நீந்திவிடலாம். ஒதிலியா ஓரத்தில் கால் வைத்தாள்.

பெருவிரலில் விரல்கள். இந்த முறை தட்டவில்லை. பிடித்துக்கொண்டன.

சுக்கான் பிடி தானாக நகர்ந்து அவள் கைக்குள் வந்தது. அவ்வளவு நேரமும் யாரோ பிடித்திருந்த சூடு அதில் இருந்தது. அவள் முறை.

படகு அசைவதைப் பார்த்து, தன்னிடம்தான் வருகிறதென்று நினைத்து, கரையில் மிரேயா இரண்டு கையையும் ஆட்டிக் குதித்துக்கொண்டிருந்தாள்.